செருப்புக் காவல்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. 2024 ஜூலையில் மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த பேத்தி வரைந்தது. அப்போது அவளுக்கு எட்டு வயது. குற்றாலம் போய்விட்டு வந்த மறுநாள், கூடத்தில் குப்புறப் படுத்துக் காலை ஆட்டியபடியே வரைந்து முடித்தாள். மேலிருந்து கீழாக நீல மெழுகு வண்ணத்தில் முப்பது நாற்பது கோடுகள், அதுதான் அருவி. அருவிக்குக் கீழே அம்மா, அப்பா, தாத்தா, தம்பி, அவள் என ஐந்து பேர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். பேரருவியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் என்பதைப் படத்தில் அவள் ஒப்புக்கொள்ளவில்லை. காகிதத்தின் வலது ஓரத்தில், கீழே, கொண்டையும் மூக்குக் கண்ணாடியுமாக ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அவளைச் சுற்றி ஐந்து பைகள். ஒவ்வொரு பைக்கும் ஜிப் உண்டு. பைகளுக்கு முன்னால் செருப்புகள் வரிசையாக இருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன், ஒன்பது. ஐந்து பேருக்குப் பத்து இருக்க வேண்டுமே என்று யோசித்தபோதுதான் ஞாபகம் வந்தது: சின்னவன் செருப்போடு ஓடி, இடது கால் செருப்பைத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்தான். அதைக்கூட விடாமல் கணக்கு வைத்திருக்கிறாள்.

சிரித்துவிட்டு, காந்த வில்லையை வைத்து நான்தான் ஒட்டினேன். ஆகஸ்டில் அவர்கள் ஊருக்குப் போனார்கள். அதற்குப் பிறகு தயிர் எடுக்கப் போனாலும் தோசை மாவு எடுக்கப் போனாலும் அந்தக் கொண்டைக்காரி என்னைப் பார்த்தாள். என்னை யாரும் அவமானப்படுத்தவில்லை. பிள்ளை கண்ணில் பட்டதை வரைந்திருக்கிறாள், அவ்வளவுதான். ஆனாலும் உள்ளங்காலில் குத்திய நெருஞ்சி மாதிரி ஏதோ ஒன்று இருந்துகொண்டே இருந்தது. குற்றாலப் பயணத்தின் போட்டோக்களைத் தேடினேன். அருவியில் யாருமே ஒழுங்காக இல்லை. எப்படி இருப்பார்கள்? எல்லாருடைய போனும் அன்று என் மடியில்தான் இருந்தது.

கால அட்டவணை

எங்கள் வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலை அவரை விட்டது, அட்டவணை விடவில்லை. பிள்ளைகள் வருகிறார்கள் என்று தெரிந்தவுடன் ஒரு முழுத்தாளை மடித்துக் கோடு போட ஆரம்பித்துவிடுவார். முதல் நாள் நெல்லையப்பர் கோயில், மதியம் கொக்கிரகுளம் அறிவியல் மையம், மாலை அல்வா. இரண்டாம் நாள் கிருஷ்ணாபுரம், ஆதிச்சநல்லூர், திருச்செந்தூர். மூன்றாம் நாள் பாபநாசம், அகத்தியர் அருவி, மணிமுத்தாறு. நான்காம் நாள் குற்றாலம். ஒவ்வொன்றுக்கும் நேரே புறப்பாடு, சேருமிடம், தங்கும் நேரம். கிருஷ்ணாபுரத்துக்கு நாற்பது நிமிடம். குற்றாலத்தில் 'குளியல் - 1 மணி 15 நிமிடம்' என்று எழுதியிருந்தார். மனிதன் அருவிக்கு நிறுத்த நேரம் எழுதியதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

அட்டவணையைக் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் பிள்ளைகள் பத்து நாளும் போனைப் பார்த்துக்கொண்டு சோபாவில் கிடப்பார்கள். ஆனால் அட்டவணை போடுகிறவருக்கும் பிள்ளைகளுக்கும் ஊர் ஒன்றாகத் தெரிவதில்லை. நெல்லையப்பர் கோயிலில் ஒரே கல்லில் பெரிய தூணைச் சுற்றிச் சின்னத் தூண்களாகச் செதுக்கிய இசைத்தூண்களைக் காட்டி, தட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுரம் பேசும் என்று தாத்தா விளக்கிக்கொண்டிருந்தார். அங்கே யானை நிற்கும்போது தூணை யார் பார்ப்பார்கள்? அதுவும் செருப்புப் போட்ட யானை. காந்திமதிக்கு மூட்டு வலி என்று 2022-இல் பக்தர்கள் தோலில் செருப்பு செய்து கொடுத்த கதையை நான் சொன்னதும் சின்னவன் அதன் காலடியை விட்டு நகரவே இல்லை. "அதைக் கழற்றினால் யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று கேட்டான். பாகன் பார்த்துக்கொள்வார் என்றேன். அன்று அந்தக் கேள்வி எனக்குச் சாதாரணமாகத்தான் பட்டது.

அல்வாக் கதை வேறு விதமாக முடிந்தது. கீழ ரத வீதியில் அந்தக் கடை திறப்பதற்காகச் சாயங்காலம் வரிசையில் நின்று, சூட்டோடு இலையில் வாங்கி, ஊதி ஊதிக் கொடுத்தோம். பெரியவள் வாயில் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தாள். "நன்றாக இருக்கிறது தாத்தா. எங்கள் ஊர் அல்வா மாதிரியே இருக்கிறது" என்றாள். எங்கள் ஊர் என்று அவள் சொன்னது மஸ்கட்டை. ஓமானில் குங்குமப்பூவும் பன்னீரும் போட்டு அல்வா கிண்டி, விருந்தாளிக்குக் காபியோடு கொடுப்பார்கள்; அவள் பிறந்ததிலிருந்து தின்பது அது. தாமிரபரணித் தண்ணீர், சம்பா கோதுமைப் பால், நெய் என்று தாத்தா வாதாடிப் பார்த்தார். முடியவில்லை. வீடு வந்து சேரும்வரை அவர் பேசவில்லை.

இப்படியெல்லாம் ஓடித் திரிந்ததில் எனக்கு ஒரு வேலை நிலையாக இருந்தது. எங்கே போனாலும் பைகளோடு நான் உட்காருவேன். கிருஷ்ணாபுரத்தில் ராஜகுமாரனைத் தோளில் தூக்கி நிற்கும் குறத்தி சிலைக்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்திவிட்டு, நான் மண்டபத்துத் திண்ணையில் தண்ணீர்ப் பாட்டில்களோடு உட்கார்ந்தேன். திருச்செந்தூர்க் கடற்கரையில் மணலில் உட்கார்ந்தேன். அகத்தியர் அருவியில் பாறையில் உட்கார்ந்தேன். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவள் நான். சுற்றுலா என்றால் பிள்ளைகளின் தலையை எண்ணுவது, பையை எண்ணுவது, மறுபடி தலையை எண்ணுவது. பையின் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டால் தூங்கிப் போனாலும் யாரும் உருவ முடியாது என்பது அந்தக் காலத்தில் நான் கண்டுபிடித்த உபாயம். ஆகவே இந்த வேலை எனக்குத் தானாக அமைந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எத்தனையோ தடவை

குற்றாலத்துக்கு நாங்கள் போன அன்று நல்ல சாரல். தென்காசி தாண்டியதும் காற்றில் ஈரம் ஏறிவிட்டது. பேரருவியில் முந்தின நாள் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டியதால் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். அன்று காலையில்தான் திறந்துவிட்டார்கள். வரிசை, போலீஸ் விசில், எண்ணெய் மசாஜ்காரர்களின் கூவல், தட்டில் அடுக்கிய மங்குஸ்தான், ரம்புட்டான். எல்லாவற்றுக்கும் மேலே குரங்குகள். குற்றாலத்துக் குரங்கு மனிதனுடைய முகத்தைப் பார்ப்பதில்லை, பையைத்தான் பார்க்கிறது. அங்கே காவல் இல்லாமல் எதையும் வைக்க முடியாது என்பது நியாயமான பேச்சுதான்.

"அத்தை, நீங்களும் வாருங்களேன், நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்கிறேன்" என்று மாப்பிள்ளை மரியாதைக்குக் கேட்டார். நான் உடனே சொன்னேன்: "நீங்கள் போங்கள். நான்தான் எத்தனையோ தடவை குளித்தாயிற்றே."

அந்த வாக்கியம்தான். மாதக்கணக்காக ஃபிரிட்ஜ் கதவிலிருந்து என்னைக் குத்தியது அதுதான் என்று ஒரு நாள் மாவு எடுக்கும்போது பிடிபட்டது. அது என் வாக்கியமே இல்லை. என் மாமியார், நாங்கள் அத்தை என்று கூப்பிட்டவர், சொன்னது. கல்யாணமான புதிதில் கூட்டமாகக் குற்றாலம் போவோம். தூக்குவாளியும் வெற்றிலைச் செல்லமும் ஜமுக்காளமுமாக அத்தை ஒரு புளிய மரத்தடியில் உட்கார்ந்துகொள்வார். "வாருங்கள் அத்தை" என்றால், "நான் எத்தனையோ தடவை குளித்தாச்சு, நீ போ" என்பார். நானும் போய்விடுவேன். அவர் இறந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. அவர் அருவியில் நின்று நான் பார்த்ததே இல்லை. அந்த எத்தனையோ தடவை எப்போது? பிள்ளை பெறுவதற்கு முன்பா, கல்யாணத்துக்கு முன்பா? ஒரு தடவையாவது உண்டா? கேட்டிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

என் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். கடைசியாக நான் அருவியில் நின்றது என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கும்போது. அவளுக்கு இப்போது முப்பத்தெட்டு. ஆற்றில் முங்கியது அதற்கும் முன்னால். தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் விழுகிறவரை நம் எல்லைக்குள்ளேயே ஓடுகிற ஆறு என்று வருடா வருடம் கரும்பலகையில் வரைந்து பாடம் நடத்தியவள், அதில் கால் நனைத்து இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகியிருந்தது. பஸ்ஸில் போகும்போது சுலோச்சன முதலியார் பாலத்திலிருந்து பார்ப்பதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

இதில் என்னைப் பாவப்பட்டவளாகக் காட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை, உண்மையும் அதுவல்ல. காவலுக்கு உட்காருவதில் ஒரு சுகம் இருக்கிறது. எல்லாரும் போன பிறகு கிடைக்கும் அந்த ஒரு மணி நேரம் வீட்டில் கிடைக்காது. முறுக்கை ஒவ்வொரு வளையமாக ஒடித்துத் தின்றுகொண்டு, புதுப்பெண் தலையைத் துவட்டிக்கொள்கிற விதத்தையும் மாமனார் மருமகனிடம் சில்லறை கேட்கிற விதத்தையும் வேடிக்கை பார்க்கலாம். நனைந்த புடவை காலைச் சுற்ற, ஆயிரம் பேர் நடுவில் உடை மாற்ற இடம் தேடுகிற அவதி இல்லை. குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிற ஐந்து பேரும் என் கையிலிருக்கும் துண்டுக்காக நிற்கும்போது ஒரு அதிகாரம்கூட இருக்கிறது. அத்தைக்கும் இருந்திருக்கும். அதனால்தான் யாரும் இந்த வேலையை நம் மேல் சுமத்தினார்கள் என்று என்னால் எழுத முடியவில்லை. சுமத்தவும் இல்லை, நாம் கேட்டு வாங்கவும் இல்லை. தூக்குவாளி மாதிரி அது கை மாறி வந்துவிட்டது.

ஒரே பை

2025 ஜூலையில் மறுபடி வந்தார்கள். வந்த அன்றே சின்னவன் யானையைப் பார்க்க வேண்டும் என்றான். காந்திமதி அந்த ஜனவரியில் இறந்துவிட்டது, ஐம்பத்தாறு வயது. யானை கட்டியிருந்த இடத்தைப் பார்த்துவிட்டு அவன் கேட்டது, நான் பயந்த கேள்வி அல்ல. "செருப்பு எங்கே ஆச்சி?" என்றான். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

அன்று இரவு அவர் தாளை மடித்துக் கோடு போட ஆரம்பித்தபோது, குற்றாலம் வேண்டாம் என்றேன். பின்னே எங்கே என்றார். திருப்புடைமருதூர் என்றேன். "அங்கே என்ன இருக்கிறது?" "ஆறு இருக்கிறது." "ஆறு இங்கே இல்லையா?" இதற்கு நான் பதில் சொல்லவில்லை. ரயிலில் வீரவநல்லூர் போய், அங்கிருந்து ஆட்டோவில் போகலாம் என்று மட்டும் சொன்னேன். ரயில் என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் முகம் மாறியது. செங்கோட்டை பாசஞ்சரில் ஏறினால் அவருக்கு வயது குறையும். மீட்டர் கேஜ் காலத்தில் அந்தப் பாதையில் எந்த ஸ்டேஷனில் காபி நன்றாக இருந்தது என்பதுவரை சொல்வார். 2012-இல் அகலப் பாதையாகித் தென்காசிக்கு ரயில் மறுபடி ஓடிய செய்தியை ஏதோ சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசம் மாதிரி பேசுவார். மாப்பிள்ளைதான் தயங்கினார். 2023 டிசம்பர் வெள்ளத்தை மஸ்கட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்தவர் அவர். ஆறு என்றால் அவருக்கு அந்தச் சேற்று நிறம்தான். உள்ளூர்க்காரர்கள் குளிக்கிற படித்துறையில், அவர்கள் நிற்கிற ஆழத்துக்கு மேல் யாரும் போவதில்லை என்று பேசி முடித்தோம்.

ரயில் என்று முடிவானதில் எனக்கு வேறு ஒரு கணக்கும் இருந்தது. காரில் போனால்தான் ஐந்து பை. டிக்கி இருக்கிறதே என்று குடை, தலையணை, மாற்றுச் செருப்பு, நொறுக்குத்தீனி மூட்டை எல்லாம் ஏறிக்கொள்ளும். ஏறிய ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு ஆள் காவல் இருக்க வேண்டும். ரயிலில் கையில் தூக்குகிறவரை மட்டும்தான். நான்கு துண்டு, மாற்றுத் துணி, வாழையிலையில் கட்டிய எலுமிச்சைச் சாதம், துவையல். ஒரே பை. கோழிக்கூட்டுப் பழம் ஒரு சீப்பு மட்டும் உள்ளே நுழையாமல் கையில் தொங்கியது.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, இந்த ரயிலை ஒரு வழியாக நினைக்காமல் போய்ப் பார்க்கிற இடமாகவே நினையுங்கள் என்பதுதான். டவுன், பேட்டை தாண்டியதும் இரண்டு பக்கமும் வாழையும், புதிதாக நட்ட கார் நெல்லும். மேற்கே மலை மேகத்தைத் தலையில் போட்டுக்கொண்டு கூடவே வருகிறது. சேரன்மகாதேவியில் முறுக்கு விற்கிறவர் ஏறினார். காருகுறிச்சி வந்ததும், இங்கே செய்கிற பானைதான் நம் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது என்று சின்னவனுக்குச் சொன்னேன்; அடுத்த ஸ்டேஷன் வரும்வரை, ரயில் ஆடினால் பானை உடையாதா என்று கேட்டுக்கொண்டே வந்தான். அவன் தின்ற முறுக்குக்கும் கேட்ட கேள்விக்கும் மணிக்கணக்கு வைக்க அவருக்கு அன்று நேரமில்லை. ஜன்னலில் அவரும் முகத்தைப் பதித்திருந்தார்.

ஆட்டோவில் கோயில் கதையைச் சொன்னேன். திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் லிங்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஆற்றில் வெள்ளம் போகிறது, அக்கரையில் கருவூர்ச் சித்தர் நின்று கூப்பிடுகிறார், சரியாகக் கேட்கவில்லை. காதைக் கொடுத்துக் கேட்பதற்காக சுவாமி அந்தப் பக்கம் சாய்ந்தார், அப்படியே நின்றுவிட்டார். பெரியவள் கேட்டுக்கொண்டு வந்தாள். கோபுரத்துக்குள் அடுக்கடுக்காக மரச் சிற்பமும் சுவர் ஓவியமும் இருப்பதைக் குளித்த பிறகு பார்க்கலாம் என்று வைத்துக்கொண்டோம். ஊர் மருத மரங்களில் தை, மாசியில் கூடு கட்டும் நாரைகள் ஜூலையில் பெரும்பாலும் கிளம்பிவிடும்; மிச்சமிருந்த சில மட்டும் உச்சாணிக் கிளையில் நின்றன. கீழே எச்சம் விழுந்து இலையெல்லாம் வெள்ளை. இந்தப் பறவைகளை இங்குள்ளவர்கள் விரட்டுவதில்லை. 2005-இல் அரசு இதைப் பறவைகள் காப்பகமாக அறிவிப்பதற்கு வெகு காலம் முன்பே அப்படித்தான்.

படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களைத் தவிர யாருமில்லை. முதல் படி வெயிலில் சுட்டது. இரண்டாவது படி ஈரம். மூன்றாவது படி தண்ணீருக்குள், பச்சைப் பாசி பிடித்து வழுக்கியது. மாப்பிள்ளை முதலில் இறங்கி ஆழம் பார்த்துவிட்டுச் சின்னவனைத் தூக்கிக்கொண்டார். அவன் கத்திய கத்தலில் மருத மரத்து நாரை ஒன்று எழுந்து சுற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தது. மகள் இறங்கினாள். எங்கள் வீட்டுக்காரர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்குள் ஒரு முதலாளி மாதிரி நடந்துபோனார். நான் பழைய புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூன்றாவது படியில் நின்றேன். கணுக்காலில் தண்ணீர் பட்டதும் மலையின் குளிர் முழங்கால் வரைக்கும் ஏறியது. சின்ன மீன்கள் வந்து விரல்களைக் கொத்தின. துவைத்துக்கொண்டிருந்த பெண், "பயப்படாமல் முங்குங்கள் ஆச்சி, முட்டளவுதான்" என்றாள். பெரியவள் எங்கே என்று திரும்பிப் பார்த்தேன்.

அவள் மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். முழங்காலை மடக்கி, பாவாடையை இழுத்து மூடிக்கொண்டு. பையை மடியில் வைத்து, அதன் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தாள். செருப்புகளை ஜோடி ஜோடியாக, பெரியதிலிருந்து சின்னதுவரை வரிசையாக அடுக்கியிருந்தாள். எனக்குப் பழக்கமான வரிசை. யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. அவளைவிட இரண்டரை வயது இளையவன் கழுத்துவரை தண்ணீரில் கூத்தடித்துக்கொண்டிருந்தான். பையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை, தோன்ற வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றியதில்லை.

"ஏன் அங்கேயே உட்கார்ந்துவிட்டாய்? வா" என்றேன்.

"நீ போய்க் குளி ஆச்சி. நான் போன வருடம் எத்தனையோ தடவை குளித்தாயிற்று" என்றாள்.

எனக்கு வந்தது கோபம்தான், நெகிழ்ச்சி இல்லை. அவள் மேல் இல்லை. யார் மேல் என்று அப்போது யோசிக்கவும் இல்லை. ஓய்வு பெற்ற நாளிலிருந்து எடுக்காத குரலை எடுத்து, ஆற்றைப் பார்த்து, "உங்களைத்தான்! கரைக்கு வாருங்கள்!" என்று கத்தினேன். துவைத்தவர்கள் துணியை நிறுத்தினார்கள். பாம்பு ஏதோ வந்துவிட்டது என்று மாப்பிள்ளை பையனைத் தோளுக்கு ஏற்றினார். எங்கள் வீட்டுக்காரர் நெஞ்சளவு தண்ணீரிலிருந்து அவசரமாக வந்தார். "என்ன? என்ன ஆயிற்று?"

"செருப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார். மகள் தண்ணீருக்குள் நின்றபடி வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் ஒன்றும் கேட்காமல் ஏறிப்போய், சொட்டச் சொட்ட, மேல்படியில் உட்கார்ந்தார். பெரியவள் லேசில் இடத்தை விடவில்லை. வாரை அவர் கையில் சுற்றிக் காட்டினாள். "இப்படி இரண்டு சுற்று, தாத்தா. ஒரு சுற்றுப் போதாது." ஏன் என்றார். "குரங்கு வந்தால் இழுத்துவிடும்." இங்கே குரங்கைக் காணோமே என்றார். "வரும்" என்றாள்.

பிறகு அவளும் நானும் இறங்கினோம். ஐந்தாவது படிக்குப் பிறகு மணல். நின்ற இடத்தில் காலுக்குக் கீழே மணல் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப் போய்க்கொண்டே இருந்தது; நின்றுகொண்டே தாழ்கிற மாதிரி இருந்தது. இது நான் அடியோடு மறந்துபோன ஒன்று. எத்தனை முங்கு என்று கேட்டாள். மூன்று என்றேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னோடு சேர்ந்து முங்கினாள். முதல் முங்கில் என் கொண்டை அவிழ்ந்தது. இரண்டாவதில் மூச்சு முட்டிச் சிரித்தோம். மூன்றாவது முங்கில் தண்ணீருக்கு அடியில் கண்ணைத் திறந்தேன். பச்சை வெளிச்சத்தில் அவளும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் எண்ணிக்கை தப்பிவிட்டது. புடவை கனத்தது, முட்டி வலித்தது, மேலே ஏறும்போது மகள் கை கொடுக்க வேண்டியிருந்தது. உடை மாற்ற ஒரு மண்டபமும் மகள் பிடித்த துண்டும்தான் இருந்தன. குற்றாலத்துச் சங்கடம் இங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன், கூட்டம் இல்லை, அவ்வளவுதான்.

கரையேறி வந்தபோது எங்கள் வீட்டுக்காரர் அப்படியே உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டில் இரண்டு சுற்று. பக்கத்தில் ஒரு வெள்ளாடு நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் காலடியில் கோழிக்கூட்டுச் சீப்பின் காம்பும் இரண்டு பழமும் மிச்சம்.

"செருப்பு பன்னிரண்டும் சரியாக இருக்கிறது" என்றார் அவர்.

"பழம்?" என்றேன்.

அவர் ஆட்டைப் பார்த்தார். "பழத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே" என்றார்.